கோபமா, குணமா, மூளையா?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்கும்போதெல்லாம் கல்வெட்டு, பழைய நாணயம், அந்தக் கால வணிகப் பெருவழி என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை விஷயம் வேறு. மூளையைப் பற்றி எழுதப் போகிறேன். பாத்திர வியாபாரிக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம், சிரிக்கட்டும். நான் மருத்துவன் அல்லன். கடை சாத்திய பிறகு படித்ததையும், புரியாத இடங்களை டாக்டர் நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே தருகிறேன். ஏன் படிக்க நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நம்மைப் போலவே பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்து தங்கிவிட்ட குடும்பம். ஊர், பேர் வேண்டாம். அந்த வீட்டுப் பெண் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. காலையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் இல்லம்மா" என்பாள். சாயங்காலம் ஏதோ ஒரு சொல் பட்டுவிட்டால் போதும், "இந்த வீட்டுல என்னை யாரும் மனுஷியாவே நினைக்கல" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். தோழி ஒருத்தி போனை எடுக்கவில்லை என்றால் அன்றோடு அந்த நட்பு முடிந்தது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதும் உண்டு. அவள் அப்பா என்னிடம் வந்து யோசனை கேட்டார். நானும் பெரிய மனுஷத் தோரணையில், "செல்லம் அதிகமாயிடுச்சு அண்ணே. நல்ல இடமாப் பார்த்துக் கட்டிக் கொடுத்துடுங்க, எல்லாம் தானா அடங்கிடும்" என்றேன்.

கட்டிக் கொடுத்தார்கள். அடங்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் பெண் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், முன்னைவிட மோசமான நிலையில். அதற்கப்புறம்தான் மனநல மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை அவர் என் கடைக்கே எடுத்து வந்து, "இது என்ன நோவுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர் என்று எழுதியிருந்தது. எனக்கும் விளங்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு இது.

பெயரிலிருந்தே தொடங்குவோம். பார்டர்லைன் என்றால் எல்லைக்கோடு. எதற்கும் எதற்கும் நடுவிலான எல்லை? 1938இல் நியூயார்க்கில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மனப்பகுப்பாய்வு மருத்துவர் ஒரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். பயம், பதற்றம் போன்ற நியூரோசிஸ் ஒரு பக்கம். நினைவே தடம் மாறிப்போகும் சைக்கோசிஸ் இன்னொரு பக்கம். இவர்கள் இரண்டிலும் அடங்காமல் எல்லையில் நிற்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. அந்தக் கருத்து பிற்பாடு மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இது தனி நோயாக இடம் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது பட்டியலில் உணர்ச்சி நிலையற்ற ஆளுமை என்ற பெயர் இருந்தது. என்னைக் கேட்டால் அதுவே பொருத்தமான பெயர்.

கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள். கைவிடப்படுவோமோ என்ற தீராத பயம், ஒருவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டு மறுநாளே தரையில் போடும் உறவு, நான் யார் என்பதே பிடிபடாமை, யோசனையின்றிச் செலவு முதலான காரியங்களில் பாய்தல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல் அல்லது சாகிறேன் என்று கிளம்புதல், மணிக்கு மணி மாறும் மனநிலை, உள்ளே ஒன்றுமே இல்லாதது போன்ற வெறுமை, அடக்க முடியாத கோபம், மன அழுத்தம் மிகும்போது சந்தேகமோ தன்னை மறந்த நிலையோ வருதல். இவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்று கொள்ளலாம். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ அமையக்கூடிய வழிகள் 256. அதாவது ஒரே பெயர் எழுதிய தாளை வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே ஓர் அடையாளத்தில் மட்டும் ஒத்துப்போகிறவர்களாக இருக்கலாம். மூளை ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பலர் இதை பைபோலார் நோயோடு குழப்பிக்கொள்வார்கள். பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும்; வெளியே காரணம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கேயோ சில மணி நேரத்துக்குள் எல்லாம் புரண்டுவிடும்; பெரும்பாலும் பின்னால் ஒரு மனிதர் இருப்பார், ஒரு சொல் இருக்கும், எடுக்கப்படாத ஒரு போன் இருக்கும். மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர், இருவர் என்ற அளவில் இது இருப்பதாகக் கணக்கு. மருத்துவமனைக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம். ஆனால் அமெரிக்காவில் மக்களிடையே நேரடியாக எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஆண், பெண் வித்தியாசம் தெரியவில்லை. ஆண்பிள்ளை கத்தினால் அதைக் கோபக்காரன் என்று விட்டுவிடுகிறோம், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மூளைக்கு வருவோம். 1990இல் செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதைக் காந்த ஸ்கேனில் பார்க்க முடியும் என்று காட்டினார். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆகவே, மண்டையைத் திறக்காமலேயே எந்த இடம் எப்போது சுறுசுறுப்பாகிறது என்று பார்க்கலாம். எஃப்.எம்.ஆர்.ஐ. என்று சொல்வது இதைத்தான்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன உறுப்புகள் உண்டு. பாதாம்பருப்பு வடிவம். அமிக்டலா என்ற கிரேக்கச் சொல்லுக்கே பாதாம் என்றுதான் பொருள். இது ராத்திரி காவல்காரன் மாதிரி. நிழல் அசைந்தால் விசில் ஊதும். திருடனா, பூனையா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை. அதைப் பார்த்து, "சும்மா இரு, பூனைதான்" என்று சொல்கிற முதலாளி நெற்றிக்குப் பின்னால் முன்மூளையில் இருக்கிறார். இருவருக்கும் ஓயாமல் பேச்சுவார்த்தை நடக்கும். பார்டர்லைன் நோயில் காவல்காரன் அதிகம் ஊதுகிறான், முதலாளி குரல் எடுபடவில்லை என்பது ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கருத்து.

2001இல் ஜெர்மனியில் சபீனே ஹெர்பெர்ட்ஸ் குழுவினர் இந்நோயுள்ள ஆறு பெண்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். நோயில்லாதவர்களைவிட அவர்களின் அமிக்டலா இரு பக்கமும் கூடுதலாக வேலை செய்தது. ஆறு பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கைதான். 2003இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் டொனேகன் குழு செய்த சோதனை இன்னும் சுவாரஸ்யமானது. படங்களுக்குப் பதில் முகங்களைக் காட்டினார்கள்: சிரித்த முகம், சோக முகம், பயந்த முகம், இவற்றோடு ஒரு உணர்ச்சியும் காட்டாத வெறும் முகம். நோயுள்ளவர்களிடம் இடது அமிக்டலா கூடுதலாகக் கிளம்பியது. பிறகு விசாரித்தபோது, அந்த வெறும் முகமே தங்களை மிரட்டுவதாகப் பட்டது என்று அவர்களில் சிலர் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் முகம் எப்படி இருக்கும்? சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் வெறும் முகம். வீட்டுக்கு வந்த பின்னும் அதே முகம்தான். நமக்கு அது ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணுக்கு அது, "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்று எழுதி ஒட்டிய பலகையாகத் தெரிந்திருக்கலாம்.

கிளம்புவது மட்டும் பிரச்சினை இல்லை, அடங்குவதும் பிரச்சினை. சாதாரணமாக ஒரு கோரமான படத்தை இரண்டாம் முறை பார்த்தால் முதல் தடவை அளவுக்கு மனம் கலங்காது. 2014இல் நியூயார்க்கில் கோனிக்ஸ்பெர்க் குழு இதையே சோதித்தது. நோயில்லாதவர்கள் அதே படத்தை மறுபடி பார்க்கும்போது, மூளையின் நடுப்பகுதியில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் ஓர் இடம் கூடுதலாக வேலை செய்தது. நோயுள்ளவர்களிடம் அந்தக் கூடுதல் வேலை தெரியவில்லை. பழகிப்போதல் என்று நாம் சொல்கிறோமே, அது அவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. "எத்தனை தடவைதான் இதுக்கே அழுவ?" என்று வீட்டில் கேட்கும் கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

வியாபாரிகளான நமக்கு நன்றாகப் புரியக்கூடிய ஆய்வு ஒன்று உண்டு. 2008இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கிங்-காசாஸ் குழுவினர் செய்து சயன்ஸ் இதழில் வெளியிட்டது. இரண்டு பேர் பணம் வைத்து விளையாட வேண்டும். முதல் போடுபவரிடம் 20 காசு. அதில் விருப்பமான தொகையை அவர் எதிராளிக்கு அனுப்பலாம். அனுப்பியது மும்மடங்காகிப் போய்ச் சேரும். எதிராளி அதிலிருந்து இஷ்டப்பட்ட பங்கைத் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். இப்படிப் பத்துச் சுற்று. நம்பினால் இருவருக்கும் லாபம். நம்பிக்கை உடைந்தால் இருவருக்கும் நஷ்டம். நம் பேரேட்டுக் கடன் வியாபாரமே இதுதானே?

முதல் போடுபவர் என்றாவது தொகையைக் குறைத்துவிட்டால், நோயில்லாத எதிராளி என்ன செய்கிறார்? நாம் செய்வதையே செய்கிறார். பழைய வாடிக்கைக்காரர் முகம் சுளித்தால் ஒரு கரண்டியைச் சும்மா சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறோம் இல்லையா? அதேபோல் தாராளமாகத் திருப்பித் தந்து, மனம் கோணியவரை இழுத்துப் பிடிக்கிறார். பார்டர்லைன் நோயுள்ளவர்கள் எதிராளியாக இருந்த ஆட்டங்களில் இந்தச் சமாதானம் சரிவர நடக்கவில்லை. முதல் போடுபவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகையைக் குறைத்துக்கொண்டே போனார், உறவு தேய்ந்தது.

ஸ்கேனில் தெரிந்தது என்ன? இன்சுலா என்று மூளையில் ஒரு மடிப்பு உண்டு. வயிற்றைப் புரட்டும் உணர்வு, அநியாயம் நடந்தால் வரும் உறுத்தல் எல்லாம் அதோடு சம்பந்தப்பட்டவை. நோயில்லாதவர்களுக்கு வந்த தொகை குறையக் குறைய அதன் முன்பகுதி அதிகமாக வேலை செய்தது. என்னமோ சரியில்லை என்ற மணி அது. நோயுள்ளவர்களுக்கு, தாங்கள் திருப்பித் தரும்போது அந்த மணி அடித்தது. பிறர் குறைத்துத் தரும்போது அடிக்கவில்லை. இவ்வளவுதான் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். உலகம் நம்மை ஏமாற்றத்தான் போகிறது என்று தீர்மானித்துவிட்டவனுக்கு ஏமாற்றம் புதிய செய்தி அல்லவே. உறவைச் சரிக்கட்ட மாட்டேன் என்று அவர்கள் அடம் பிடிக்கவில்லை. உறவு விரிசல் விடும் சத்தமே அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

உடலைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெற்றோர் மிகவும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். பயமுறுத்துகிறாள், நாடகம் ஆடுகிறாள் என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். 2006இல் ஜெர்மனியின் மான்ஹெய்ம் நகரில் ஷ்மால் குழு, இப்பழக்கம் உள்ள பெண்களின் தோலில் அளவாகச் சூடு வைத்துச் சோதித்தது. மற்றவர்களுக்கு வலிக்கும் அளவைவிடக் கூடுதல் சூட்டில்தான் அவர்களுக்கு அதே வலி தெரிந்தது. வலிக்கும்போது அவர்கள் அமிக்டலாவின் வேலை குறைந்தது. உள்ளே தாங்க முடியாத கொதிப்பு, உடல் வலி வந்தால் அது சற்று நேரம் தணிகிறது. தப்பான மருந்துதான், ஆபத்தான மருந்து. ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அது மருந்து. அடித்துத் திருத்தப் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் பல பேரின் சராசரியை வைத்துச் சொன்னவை. ஒருவரைத் தனியாக ஸ்கேனில் படுக்க வைத்து உனக்கு பார்டர்லைன் இருக்கிறது, இல்லை என்று சொல்ல இன்றைக்கும் முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஆய்வுகளும் ஒரே பாட்டைப் பாடுவதில்லை. 2000இல் ஜெர்மனியில் ட்ரீசன் குழு 21 பெண்களை அளந்து, ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் சுமார் 16 சதவீதமும் அமிக்டலா 8 சதவீதமும் சிறுத்திருப்பதாகச் சொன்னது. ஆனால் சின்ன வயதுக் கொடுமைகளாலும் ஹிப்போகேம்பஸ் சிறுக்கலாம், அந்தப் பெண்களில் பலர் அதை அனுபவித்தவர்கள். அப்படியானால் அது நோயின் அடையாளமா, கொடுமையின் தழும்பா? 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்த ருவோக்கோ குழுவுக்கு அமிக்டலாவின் வேலை கூடுதலாக அல்ல, குறைவாகவே தெரிந்தது. 2016இல் ஷுல்ட்சே குழு மறுபடி தொகுத்தபோது, மருந்து சாப்பிடாத நோயாளிகளிடம் அது கூடுதலாக இருப்பது தெரிந்தது. காவல்காரன், முதலாளி என்று நான் சொன்ன உவமை புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். மூளை அதைவிடச் சிக்கலானது.

சரி, இது பிறவியிலேயே வருவதா, வளர்ப்பால் வருவதா? 2021இல் ஸ்வீடனில் 18 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் பதிவேடுகளைப் பார்த்து, மக்களிடையே காணும் வித்தியாசத்தில் 46 சதவீதம் பரம்பரையால் என்று கணித்தார்கள். மீதி பாதிக்கு மேல் வாழ்க்கை தந்தது. 2020இல் இங்கிலாந்தில் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, நோயாளிகளில் சுமார் 71 சதவீதம் பேர் குழந்தைப் பருவத்தில் அடி, புறக்கணிப்பு, தகாத தொடுகை என ஏதாவது ஒன்றையாவது அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதி 29 பேர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆகவே, இந்நோய் வந்த வீட்டுப் பெற்றோரையெல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தப்பு, நம் வீட்டில் அப்படி எதுவும் நடக்காது என்று விசாரிக்காமலே இருப்பதும் தப்பு.

சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை மார்ஷா லைனஹன் இதைத் தெளிவாகச் சொன்னார். இவர்களுக்கு உணர்ச்சி சீக்கிரம் கிளம்பும், அதிகமாகக் கிளம்பும், மெதுவாகத்தான் இறங்கும். இது இயற்கையாக வந்தது. அப்படிப்பட்ட குழந்தையிடம் சுற்றியிருப்பவர்கள், "இதுக்கெல்லாம் யாராவது அழுவாங்களா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், தன் உணர்ச்சி உண்மையா பொய்யா என்றே அதற்குத் தெரியாமல் போகிறது. இரண்டும் சேரும்போது நோய் வேர் பிடிக்கிறது. அவர் உருவாக்கிய சிகிச்சைக்கு டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டி.பி.டி., என்று பெயர். 1991இல் அதன் முதல் பெரிய சோதனை வெளிவந்தது. உன் வேதனை நியாயமானது என்று ஒப்புக்கொள்வதும், ஆனாலும் நீ மாற வேண்டும் என்று பழக்குவதும் ஒரே சமயத்தில் நடக்கும். கொதிப்பு வரும்போது தன்னைக் காயப்படுத்தாமல் அந்த நேரத்தைக் கடத்துவது எப்படி என்பது முதல், கேட்பதை நிதானமாகக் கேட்பது வரை பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்து வீட்டுப்பாடமும் தருவார்கள். 2011இல் லைனஹன் ஒரு உண்மையை வெளியே சொன்னார்: பதினேழு வயதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் அவரே.

மூளை இதனால் மாறுகிறதா? 2014இல் குட்மன் குழு, 12 மாத டி.பி.டி. முடித்த 11 பேரைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தது. அமிக்டலாவின் வேலை குறைந்திருந்தது. இதுவும் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் வாழ்க்கையில் மாறுகிறதா என்பதற்குப் பெரிய கணக்கு இருக்கிறது. பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி 1992இல் தொடங்கி 290 நோயாளிகளை விடாமல் தொடர்ந்தார். பத்தாண்டு முடிவு 2010இல் வந்தது. 93 சதவீதம் பேருக்கு நோய் அடையாளங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது விலகியிருந்தன. வேலை, நல்ல உறவு எல்லாம் சேர்ந்து முழுதாக நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர். தீராத குணம் என்று ஒரு காலத்தில் கைவிட்ட நோய்க்கு இது பெரிய சேதி.

மருந்து விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்நோய்க்கென்றே அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்த மாத்திரை எதுவும் இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் மருந்து தரலாம். முக்கியமான வேலை பேச்சுப் பயிற்சியில்தான். நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் இங்கேதான். வயிற்று வலியை இந்தியில் சொல்லிவிடலாம். மனசு கனக்கிறது, வெறுத்துப்போச்சு, ஒட்டவே இல்லை என்பதையெல்லாம் எந்த இந்தியில் சொல்வது? நம் பிள்ளைகளுக்கோ நிலைமை தலைகீழ். அவர்களுக்கு இந்தியோ ஆங்கிலமோதான் மனசின் மொழி, நம் தமிழ் திட்டு வாங்கும் மொழி. ஆலோசகரைத் தேடும்போது யாருக்கு எந்த மொழி வசதி என்று பார்த்துத் தேடுங்கள். பெற்றோரிடம் பேச ஒரு மொழி, பிள்ளையிடம் பேச இன்னொரு மொழி தேவைப்பட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

அந்தப் பெண் இப்போது வேலை பார்க்கிறாள். சிகிச்சை பல வருஷம் பிடித்தது, நடுவில் இரண்டு முறை சறுக்கலும் உண்டு. போன தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்கு வந்தாள். நான் பேரேட்டில் மூழ்கியிருந்தேன். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "மாமா, என் மேல கோவமா?" என்றாள். முன்பு என்றால், கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை, போய் உட்கார் என்று எரிந்து விழுந்திருப்பேன். "இல்லம்மா, நூத்தி நாற்பது ரூபா இடிக்குது, அதான் இந்த மூஞ்சி" என்றேன். "கொடுங்க, நான் கூட்டிப் பார்க்கிறேன்" என்று புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் யாராவது தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, அது மிரட்டலா நிஜமா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கக் கூடாது. யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையைக் கூப்பிடலாம். எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழ் உட்படப் பல மொழிகளில் பேசுகிறார்கள்.